கம்பெனி தெரியும் ஜன்னல்

சென்னை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "ஒரு வீட்டை அலங்காரம் பண்ண வந்திருக்கேன்" என்றேன். எந்த ஊரில் என்றார். "ஸ்ரீபெரும்புதூர் பக்கம்." மனிதர் நிமிர்ந்து அப்போதுதான் என்னை ஒழுங்காகப் பார்த்தார். "அங்க ஃபாக்டரிதானேம்மா இருக்கு?" "ஃபாக்டரியில இருக்கறவங்களுக்கும் வீடு வேணுமே சார்" என்றேன். முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார்.

இது இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்தது. நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். வீடுகளின் உள்ளலங்காரம் என் தொழில். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. ஒரு வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்லிவிடுவேன்.

திருமதி யூன் என்ற கொரியப் பெண்மணிக்குப் பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டை நான்தான் அலங்கரித்துக் கொடுத்திருந்தேன். அவர் கணவருக்கு ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு மாற்றலாகிவிட்டது. மற்ற அதிகாரிகளின் குடும்பங்களெல்லாம் சென்னையில் கடலோரமாகக் குடியேற, திருமதி யூன் மட்டும் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே வீடு வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். "சென்னையில் இருந்தால் நான் எழுந்திருப்பதற்குள் அவர் போய்விடுவார், தூங்கிய பிறகு வருவார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் என் எதிரில் உட்கார வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நீ போய் வீட்டைக் கண்டுபிடித்து எனக்குப் பிடித்த மாதிரி ஆக்கு" என்று ஃபோனில் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் வந்து பார்க்க இரண்டு வாரம் இருந்தது. போதும் என்று நினைத்தேன்.

முதல் நாள் காலை, தங்கியிருந்த லாட்ஜுக்கு எதிர்க்கடையில் இட்லியும் வடைகறியும். கடலைப்பருப்பை அரைத்து வேகவைத்து உதிர்த்து, மசாலாவில் கொதிக்கவிட்ட சமாச்சாரம் இது. பினாங்கில் இட்லிக்கு நாங்கள் மீன்குழம்பு வரைக்கும் ஊற்றிப் பார்த்துவிட்டோம். இது எப்படி எங்களுக்குத் தெரியாமல் போனது என்று எனக்குக் கோபமே வந்தது. கடைக்காரர் என் இலையைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஊருக்குப் புதுசா? இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தறேன், கூச்சப்படாம துன்னுங்க" என்றார். நான் கூச்சப்படவில்லை.

சாப்பிட்டுவிட்டுத் தெருத்தெருவாக நடந்தேன். ஒரு ஊரின் ரசனையைத் தெரிந்துகொள்ள அதன் புது வீடுகளைப் பார்த்தால் போதும். இங்கே ஒரு வீடு கிளிப்பச்சை, பக்கத்து வீடு கத்தரிப்பூ நிறம், அதற்கடுத்தது இரண்டையும் தோற்கடிக்கக் கிளம்பிய ஆரஞ்சு. நாங்கள் குளியலறைக்குள் ஒட்டும் வழுவழு டைல்ஸை இவர்கள் வாசல் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கேட்டில் உதிக்கும் சூரியன், மாடியில் கண்ணை உருட்டும் திருஷ்டி பொம்மை. மொட்டை மாடி மூலைகளில் தூண் கம்பிகள் வெட்டப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தன, அடுத்த மாடி எழுப்புவதற்காக. பினாங்கில் கீழே கடையும் மேலே வீடுமான எங்கள் பழைய கடைவீடுகளின் சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி வாங்க வேண்டும். இங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை. எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருந்தது.

மறுநாள் வீடு பார்க்க மண்ணூருக்குப் போகப் பஸ்ஸுக்காக நின்றேன். ஒரு வெள்ளை பஸ் வந்தது. கையைக் காட்டினேன், நின்றது, ஏறி உட்கார்ந்தேன். உள்ளே முழுவதும் ஒரே நிறச் சட்டை போட்ட பெண்பிள்ளைகள், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டரைக் காணோம். டிக்கெட் யாரிடம் வாங்குவது என்று பக்கத்தில் இருந்த பெண்ணை எழுப்பிக் கேட்டேன். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "டிக்கெட்டா? யக்கா, இது கம்பெனி பஸ்ஸுல்லா!" என்றாள். பஸ்ஸே விழித்துக்கொண்டு சிரித்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "டிப்டாப்பா டிரெஸ் பண்ணிகினு கைய காட்னீங்க. புது ஆபீசர் யாரோன்னு நெனச்சிகினேன் மேடம்" என்றார்.

நல்லவேளை, ராத்திரி ஷிப்ட் முடிந்து மண்ணூருக்குத்தான் அந்த பஸ் போய்க்கொண்டிருந்தது. என் பக்கத்துப் பெண்ணின் பெயர் முத்துச்செல்வி, சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. வீடுகளைப் பார்ப்பதுதான் என் வேலை என்று சொன்னதும், "அப்பம் எங்க மாளிகையையும் வந்து பாருங்க" என்று கூட்டிப் போனாள்.

வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகளில் ஒன்று. ஆறு பேர் இருந்தார்கள். தரையில் மஞ்சள் பெயிண்டால் கோடுகள் போட்டிருந்தார்கள்: செருப்புக்கு ஒரு கட்டம், வாளிக்கு ஒரு வட்டம், ஆறு பெட்டிகளுக்கு ஆறு கட்டம். "டிரெய்னிங்ல சொல்லிக்குடுத்தாவ, ஒவ்வொரு சாமானுக்கும் கோடு போட்டு எடம் வைக்கணும்னு. லைன்ல போட்டோம், இங்கனயும் போட்டுட்டோம். கோடு இல்லன்னா தெனமும் சண்டைதான்" என்றாள். இருந்த ஒரே ஜன்னலை அட்டையால் அடைத்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "இன்னொரு கம்பெனிதான். எட்டு மணி நேரம் கம்பெனியத்தான பாக்கோம். ரூமுக்கு வந்தும் அதையே பாக்கணுமாக்கும்?" என்று சொல்லிக்கொண்டே டீ ஆற்றினாள். டீயில் இஞ்சி தூக்கலாக இருந்தது, நன்றாக இருந்தது.

அடுத்த இரண்டு நாளும் ஒரு ஆட்டோவை அமர்த்திக்கொண்டு வீடு தேடினேன். பென்னலூரில் ஒரு வீடு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கவுச்சி சமைக்கக்கூடாது என்றார் உரிமையாளர். கொரியக்காரர்களிடம் மீனும் மாட்டிறைச்சியும் வேண்டாம் என்று சொல்வது என்னால் ஆகிற காரியமில்லை. இன்னொரு வீட்டுக்குப் பக்கத்தில் தகடு அடிக்கும் பட்டறை. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு முறை துள்ளியது. மூன்றாவதில் சமையலறைக்கு ஜன்னலே இல்லை, ஆனால் பூஜை அறையில் நான்கு நிறத்தில் விளக்கு மாறி மாறி எரிந்தது.

ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு வூடு கீது மேடம். சூப்பர் வூடு. ஆனா யாரும் தங்க மாட்டேன்றாங்க" என்றார்.

"பேய் இருக்கா?"

"பேயெல்லாம் இல்ல மேடம். பெரிய ஜன்னல் கீது."

ஒரகடம் போகும் சாலையிலிருந்து பிரியும் மண் பாதையில் அந்த வீடு தனியாக நின்றது. ரோஜா நிறம். அதை மன்னித்துவிட்டால் வீடு அருமை. கூடம் நல்ல அகலம், காற்று முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறியது, படிக்கட்டு ஏற இதமாக இருந்தது. கட்டியவரின் பெயர் முனுசாமி. காவலாளி சீருடையில் இருந்தார். அவர் மனைவி கன்னியம்மா, கேட்டைத் திறந்த வேகத்திலேயே என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். இருவரும் குடியிருந்தது இந்த வீட்டில் அல்ல, இதன் பின்னால் ஷீட் போட்ட ஒரு சின்ன வீட்டில்.

"நெலத்துக்குக் குடுத்த பணம் மொத்தமும் இந்தச் சொவுத்துலதான் கீது அக்கா" என்றார் கன்னியம்மா. "வெளிநாட்டுக்காரங்க வருவாங்க, வாடகை வரும், குந்திகினு சாப்டலாம்னு சொன்னாரு. வருஷத்துக்கு மேல பூட்டியே கெடக்குது. இவரு சம்பளம் பாதி மாசத்துக்கு வராது. இதுக்கு ஒரு ஆள் வந்தாத்தான் எங்க அடுப்பு எரியும். நீங்கதான் எப்டியாவது பாக்கணும்."

முனுசாமி என்னை மாடிக்கு அழைத்துப் போனார். மாடிக்கூடத்தில் ஒரு சுவர் முழுவதும் ஜன்னல். தேக்குச் சட்டம், வழவழவென்று இழைத்த வேலை; பினாங்கில் இதற்கு ஆள் தேடினாலும் கிடைக்காது. அதற்கு வெளியே, கைநீட்டித் தொடும் தூரம் போல, தொழிற்சாலை. நீளமான நீலக் கூரை, தண்ணீர்த் தொட்டி, கேட், பஸ்கள் வந்து நிற்கும் இடம், எல்லாம் ஒன்று விடாமல் தெரிந்தன. யூனின் கணவர் வேலை பார்க்கும் அதே தொழிற்சாலை. முனுசாமி காவல் காப்பதும் அதன் கேட்டில்தான்.

"எதுக்கு இவ்வளவு பெரிய ஜன்னல், அதுவும் இந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

என்னை ஒன்றும் தெரியாதவளாகப் பார்த்தார் அவர். "வூடுன்னா நின்ன எடத்துலேர்ந்து நெலம் தெரியணும் மேடம். எங்கப்பா அப்படித்தான் கட்னாரு, அவங்கப்பாவும் அப்படித்தான். மடை ஒடஞ்சா தெரியணும், மாடு பூந்தா தெரியணும். வர்றவரு மேனேஜரு. அவருக்கு நெலம் எது? கம்பெனிதானே?"

பயிர் வைத்த மனிதர் ஒருவர், தன் குடித்தனக்காரர் மேல் அக்கறைப்பட்டு, தனக்குத் தெரிந்த வழியில் யோசித்திருக்கிறார்.

"மூணு பேரு வந்து பாத்தாங்க அக்கா" என்று படியேறி வந்த கன்னியம்மா சொன்னார். "மூணு பேரும் ஜன்னலாண்ட நின்னுகினு சிரிச்சாங்க. ரொம்பப் புடிச்சிப்போச்சு. அப்பாலிக்கா பொண்டாட்டிய இட்டுகினு வந்தாங்க. அத்தோட சரி, திரும்பிக்கூடப் பாக்கல."

அந்தப் பெண்கள் எதைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. முத்துச்செல்வியின் அட்டை நினைவுக்கு வந்தது. ஆனால் நான் அட்டை அடைக்கும் ஆள் இல்லை. நல்ல கனத்தில் ஒரு திரை போட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்து, வீட்டை எடுத்துக்கொண்டேன்.

பத்து நாள் வேலை மும்முரமாக நடந்தது. ரோஜாவைச் சுரண்டிவிட்டுச் சுவர்களுக்குச் சந்தன வெள்ளை. பொய்க்கூரையில் பதித்திருந்த கலர் விளக்குகள் கழன்றன. பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவை முனுசாமியே சந்தோஷமாகத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போனார். பின்பக்கம் நிழலில் கொரிய ஊறுகாய்ப் பானைகளுக்கு ஒரு மேடை கட்டினோம். குடித்தனக்காரர்களுக்கென்று அவர் ஆசையாக வாங்கிப் போட்டிருந்த சாப்பாட்டு மேஜையின் கால்களை முழங்கால் அளவுக்கு வெட்டச் சொன்னபோதுதான் தகராறு வந்தது. முனுசாமி தச்சரின் ரம்பத்தையே பிடித்துக்கொண்டார். "புது டேபிளு மேடம்!"

"அவங்க கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுவாங்க" என்றேன்.

கன்னியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நம்மள மாரியே கீழ குந்திகினுதான் துன்றாங்களா? இவரு மாஞ்சி மாஞ்சி காஞ்சிவரத்துலேர்ந்து டேபிளு தூக்கியாந்தாரே!" மேஜை வெட்டுப்பட்டது. சுற்றிலும் நல்ல கோரைப்பாய் விரித்தேன். அந்தக் கூடம் அப்போதுதான் மூச்சு விட்டது மாதிரி இருந்தது.

கன்னியம்மா தினமும் எனக்குச் சோறு போட்டார். செம்பரம்பாக்கம் ஏரி மீன் வந்த நாளில் நான் லாட்ஜுக்குத் திரும்பவே விரும்பவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். முனுசாமி எங்களோடு உட்கார்ந்ததில்லை. தட்டை வாங்கிக்கொண்டு பெரிய வீட்டின் மாடிக்குப் போய்விடுவார். ஒருநாள் திரைக்கு அளவெடுக்கப் போனபோது, ஜன்னலில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையால் காட்டினார். "அந்தத் தண்ணி டேங்கு நிக்குது பாருங்க, அது எங்க கெணறு. பஸ்ஸு நிக்கிற எடம் வேர்க்கல்லை போட்ட எடம்." குரலில் வருத்தம் எதுவும் இல்லை, இன்னமும் தன் கண்காணிப்பில் இருக்கிற ஒன்றைப் பற்றிச் சொல்கிற தோரணைதான் இருந்தது. அங்கே திரை போடப்போகிறேன் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. கனமான பழுப்புத் துணியில் தரைவரை திரை தொங்கவிட்டேன். அதற்குப் பின்னால் ஜன்னல் இருப்பதே தெரியவில்லை.

ஞாயிறு காலை திருமதி யூன் வந்தார். கணவரைக் காணோம். "தொழிற்சாலையில் ஏதோ இயந்திரம் நின்றுவிட்டதாம்" என்றார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. கன்னியம்மா புதுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகையோடு வாசலில் நின்றார்.

யூன் ஒவ்வொரு அறையாகப் போனார். பானை மேடையைப் பார்த்துக் கைதட்டினார். குட்டை மேஜையின் முன் பாயில் உட்கார்ந்து, எதிர்ப்பக்கத்தைக் கையால் தட்டி, "அவர் இங்கே" என்று என்னிடம் சொன்னார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு மாடி. திரையின் துணியைத் தடவிப்பார்த்து, நல்ல நிறம் என்றார். இறங்கிவிடலாம் என்று நான் திரும்புவதற்குள் முனுசாமி முன்னால் வந்து திரையை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

"மேடத்துக்குச் சொல்லுங்க. ஐயா இங்கேர்ந்தே பாத்துக்கலாம். மூணு ஷிப்ட்டும் தெரியும்!"

நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. யூன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாக என்னிடம் சொன்னார்: "வீடு எனக்குப் பிடித்திருக்கிறது. எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஜன்னலைச் செங்கல் வைத்து மூடிவிட வேண்டும்."

"திரை இருக்கிறதே" என்றேன்.

"திரையை இழுத்துவிட அவருக்குக் கை இருக்கிறது. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே வந்து நின்றுவிடுவார். நான் கீழே தனியாகச் சாப்பிடுவேன். அதற்குச் சென்னையிலேயே இருந்துவிடலாம்."

இதை முனுசாமிக்குச் சொன்னேன். அவர் ஜன்னல் சட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். "வூடு காலியாவே கெடக்கட்டும் மேடம். ஜன்னல மூட மாட்டேன்."

நான் சும்மா இருக்கிறவளா? பாதி மூடலாம், வெளியே தெரியாத மங்கல் கண்ணாடி போடலாம், முன்னால் மூங்கில் வளர்க்கலாம் என்று இரண்டு மொழியில் மாற்றி மாற்றிச் சொன்னேன். யூனும் அசையவில்லை, முனுசாமியும் அசையவில்லை. யூன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

தட்டில் இளநீர்த் தம்ளர்களோடு படியேறி வந்த கன்னியம்மா, எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, "இன்னாக்கா சொல்றாங்க அந்தம்மா?" என்று கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன், கிண்ணத்தையும் சேர்த்து. கேட்டுவிட்டுத் தட்டைத் தரையில் வைத்தார். முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இந்த ஆளு என்கூட குந்திகினு சாப்டதே கெடயாது அக்கா. தட்டு வெச்சா, மடை ஒடஞ்சிகீதான்னு பாக்க ஓடுவாரு. பன்னி வந்து கல்லைய தோண்டுதுன்னு ஓடுவாரு. நெலம் பூடுச்சு. ஊரே அழுதுச்சு, நானும் அழுதேன். ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணு நெனச்சிகினேன். இனிமேலாவது எதுர்ல குந்துவாருன்னு. இவரு இன்னா பண்ணாரு? இருந்த பணத்துல ஒரு வூட்ட கட்டி, அதுல ஒரு ஜன்னல வெச்சாரு. இப்பவும் தட்ட தூக்கிகினு இங்க வந்து நிக்கிறாரு. இன்னும் நான் தனியாத்தான் துன்றேன்." யூனைக் காட்டினார். "அந்தம்மா இன்னா தப்பா கேட்டுட்டாங்க? மூடச் சொல்லுங்க. நான் சொல்றேன், மூடச் சொல்லுங்க."

வீடுகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று இருந்த நான், பத்து நாள் அந்த அம்மாவின் கையால் சாப்பிட்டும் இதைக் கேட்டதில்லை. யூன் என் சட்டையை இழுத்து, என்ன சொன்னாள் என்றார். சொன்னேன். அவர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, தரையில் இருந்த இளநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். முனுசாமி ஜன்னல் சட்டத்திலிருந்து கையை எடுத்தார். படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை கொத்தனார் வந்தார். தேக்குச் சட்டம் சேதமில்லாமல் பெயர வேண்டும் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். செங்கல்லைக் கீழிருந்து சுமந்து வந்து கொடுத்தது முனுசாமிதான். ஒவ்வொரு வரிசை எழும்போதும் ஒருமுறை வெளியே பார்த்தார். கூரை மறைந்து, கேட் மறைந்து, கடைசியில் தண்ணீர்த் தொட்டியும் மறைந்தது. அவர் கைகழுவப் போனார்.

மத்தியானம் பின்வீட்டில் எனக்கும் சேர்த்து இலை போட்டிருந்தார் கன்னியம்மா. மறுபடியும் ஏரி மீன். முனுசாமி தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போல வெளியே போனார். மாடிப்படி வரைக்கும் போனது தெரிந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, உறை பிரிக்காத சோபாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மனைவிக்கு எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் நிறுத்தி, யோசித்து, கன்னியம்மாவைப் பார்த்தார்.

"கொழம்புல உப்பு கம்மியா கீதே?"

"நான் எப்பவும் இவ்ளோதான் போடறேன்" என்றார் கன்னியம்மா. "இன்னிக்குத்தான் உனுக்குத் தெரியுது." சொல்லிவிட்டு உப்பு டப்பாவை அவர் பக்கம் தள்ளினார்.